ஐந்து நாளா, மூன்று மாதமா? மன அதிர்ச்சி சிகிச்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மன அதிர்ச்சிக்கான 'தீவிர சிகிச்சை' பற்றி வந்த கடிதங்களுக்கு மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

இரண்டு வருடம் முன்பு மகனை ஸ்கூட்டரில் ட்யூஷனுக்குக் கூட்டிப்போனபோது லாரி இடித்தது. அவனுக்குக் கால் முறிந்தது. இப்போது நன்றாக ஓடுகிறான். எனக்குத்தான் அந்த பிரேக் சத்தம் இன்னும் தூக்கத்தில் கேட்கிறது. வண்டியைத் தொடுவதே இல்லை. ஒரு சைக்காலஜிஸ்ட், "வாரம் ஒருமுறை வந்தால் மூணு மாசம் ஆகும், காலையும் மாலையுமா தொடர்ந்து அஞ்சு, ஆறு நாள் வந்தால் முடிச்சிடலாம்" என்கிறார். வீரியம் அதிகமான சிகிச்சையோ என்று பயமாக இருக்கிறது. தாங்குவேனா?
– வாசகி, கோவை

'தீவிரம்' என்ற சொல்தான் பலரைப் பயமுறுத்துகிறது. 250 மில்லிகிராம் மாத்திரைக்குப் பதில் 500 கொடுப்பதுபோல நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே மருந்து அதேதான், கால அட்டவணைதான் வேறு. வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் 12 வாரம் போனால் 18 மணி நேரம் ஆகிறது. அதே 18 மணி நேரத்தை ஒரே வாரத்துக்குள் அடக்கினால் அது தீவிர சிகிச்சை.

அப்படி அடக்கினால் பலன் குறையுமா என்பதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஆன்க்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் குழுவினர் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன பாதிப்பு) இருந்த 121 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. ஏழு நாள் தீவிர சிகிச்சை பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் குணமானார்கள். அதே சிகிச்சையை மூன்று மாதம் வாராவாரம் பெற்றவர்களில் 77 சதவீதம். ஆறுதலாகப் பேசும் கவுன்சலிங் மட்டும் கிடைத்தவர்களில் 43, எதுவும் கிடைக்காமல் காத்திருந்தவர்களில் 7. முதல் இரண்டு எண்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: பத்து செஷனை இரண்டு வாரத்தில் முடித்தாலும் எட்டு வாரத்தில் முடித்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்று. அந்த ஆய்வில் இரண்டு முறையிலுமே முன்னேற்றம் மிதமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாதியில் நின்றுபோனவர்கள் இரண்டு வார முறையில் குறைவு. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. வாராந்திர முறையில் நடுவே ஆறு நாள் கிடைக்கிறது. அந்த ஆறு நாளில் மனம் நல்ல நல்ல சாக்குகளைக் கண்டுபிடித்துவிடும்: மழை, விருந்தாளி, பையனுக்குச் சளி.

ஆகவே, பட்ட அடி பெரிதா சிறிதா என்று எடைபோட்டு இதை முடிவு செய்ய வேண்டாம். அந்த வாரத்தின் மாலைகளும் இரவுகளும் உங்கள் வீட்டில் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

ஏனென்று புரிய, உள்ளே நடப்பது தெரிய வேண்டும். 'நீடித்த எக்ஸ்போஷர்' என்ற முறையில் ஒரு செஷன் 90 நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு, விபத்தை இப்போது நடப்பதுபோலச் சொல்வீர்கள்: "கண்ணாடியில் லாரி தெரிகிறது, பிரேக் பிடிக்கிறேன்." சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. இப்படி 30 முதல் 45 நிமிடம். நடுநடுவே பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் கேட்பார்கள். கடைசி 15, 20 நிமிடம் அதைப் பற்றிப் பேசுவீர்கள். ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். இ.எம்.டி.ஆர். முறையில் இவ்வளவு விவரமாக வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. காட்சியை மனதில் நிறுத்திக்கொண்டு, தெரபிஸ்டின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். எந்த முறையானாலும் நாளுக்கு இரண்டு செஷன் என்றால், சாயங்காலம் நாள் முழுக்கப் பரீட்சை எழுதியவர் மாதிரி இருப்பீர்கள். இரவில் கனவுகள் கூடும்.

அந்த நிலையில் வீட்டுக்கு வந்து ஆறு பேருக்குச் சமைத்து, பையனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, ஆபீஸ் போனையும் எடுக்க வேண்டுமென்றால் தீவிர முறை வேண்டாம், வாராந்திரமே நல்லது. அந்த வாரம் மட்டும் சமையலை யாராவது ஏற்றுக்கொள்வார்கள், கூட்டிப்போய் அழைத்துவர ஆள் உண்டு, கிளினிக் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது என்றால் தாராளமாக முயலலாம். வெளியூர் கிளினிக்கில் செஷன் முடித்து அன்றிரவே பஸ் ஏறுவது மோசமான ஏற்பாடு. நீங்கள் தாங்கினாலும் உங்கள் தூக்கம் தாங்காது.

'முடிச்சிடலாம்' என்பதில் மட்டும் எங்களுக்குச் சிறு கருத்து வேறுபாடு. நினைவின் கூர்மை ஒரு வாரத்தில் மழுங்கலாம். ஸ்கூட்டர் பயம் சாலையில்தான் போகும், அதற்கு மேலும் நாலைந்து வாரம் பயிற்சி வேண்டும். எட்டு, பத்துப் படிகளாக எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தியிருக்கும் வண்டியில் பத்து நிமிடம் உட்காருவது முதல் படியாக இருக்கலாம். பிறகு காம்பவுண்டுக்குள் ஒரு சுற்று, தெருவில் பின்சீட்டில், தெருவில் நீங்களே ஓட்டி, விபத்து நடந்த இடத்தில் நடைபாதையில் அரை மணி நேரம் நிற்பது, கடைசியில் அதே சாலையில் ஓட்டுவது. பயம் பாதியாகக் குறையும்வரை ஒரே படியில் இருங்கள். உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால், 'ஓடியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை குறித்துக்கொள்ளும், அடுத்த முறை பயம் கூடும். கண்ணை இறுக மூடி சாமியை வேண்டிக்கொண்டு பின்சீட்டில் போவதும் கணக்கில் சேராது. வேண்டுவதில் தவறில்லை, கண்ணைத் திறந்துகொண்டு வேண்டுங்கள்.

இன்ஸ்டாகிராமில் 'மூன்றே நாளில் ட்ராமாவிலிருந்து விடுதலை' என்று விளம்பரங்கள் வருகின்றன. பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

முதலில் நீங்கள் கேட்க வேண்டாம், அவர்கள் உங்களை என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒழுங்கான இடத்தில், தேதி கொடுப்பதற்கு முன் ஒன்றிரண்டு செஷன் மதிப்பீட்டுக்கே போகும். தற்கொலை எண்ணம், முன்பு முயன்றது உண்டா, குடி, மாத்திரைகள், வலிப்பு, இதய நோய், கர்ப்பம், குரல்கள் கேட்பது, நேரம் போனதே தெரியாமல் 'எங்கோ' போய்விடுவது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என எல்லாம் விசாரிப்பார்கள். ஜி-பே எண் மட்டும் அனுப்பி, எதையும் விசாரிக்காமல் தேதி தருகிற இடத்தை விட்டுவிடுங்கள்.

பிறகு உங்கள் முறை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா, பதிவு எண் என்ன? எந்த முறை? 'எல்லாம் கலந்து' என்பது பதிலாகாது. இ.எம்.டி.ஆர். என்றால் இரண்டு கட்டப் பயிற்சியும் அதன் பின் மேற்பார்வையும் முடித்திருக்கிறாரா? இரவு எட்டு மணிக்குத் தாங்க முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது? நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் என்னாகும்? முடிந்த பிறகு ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் தொடர் செஷன் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? மொத்தத் தொகையை மணிக்கணக்கால் வகுத்து வாராந்திரக் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். மதிய உணவு, யோகா, குழு விளையாட்டு எல்லாவற்றையும் 'சிகிச்சை நேரம்' என்று கணக்குக் காட்டுவோர் இருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும் என்பதால், வெளிநோயாளியாகப் பெறும் இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, பெங்களூரு நிமான்ஸ் ஆகிய இடங்களில் முதல் மதிப்பீட்டைச் செய்துகொள்ளலாம். மதிப்பீடு கையில் இருந்தால் விளம்பரத்தை நிதானமாகப் படிக்கலாம்.

இரவில் அல்பிரசோலம் போட்டால்தான் தூக்கம். தீவிர சிகிச்சைக்கு முன் நிறுத்திவிடவா?
– வாசகர், மதுரை

நீங்களாக நிறுத்தாதீர்கள். பல மாதம் எடுத்ததைத் திடீரென விட்டால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பே வரும். எழுதிக்கொடுத்த மருத்துவரே வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதற்கேற்பச் சிகிச்சைத் தேதியைத் தள்ளுங்கள். இந்த வகை மாத்திரை பயத்தை மேலோட்டமாக அமுக்கும். செஷனில் நடக்க வேண்டியதோ, பயம் ஏறி, தானாக இறங்குவதை மூளை கற்றுக்கொள்வது. 'படபடப்பாக இருக்கும்' என்று செஷனுக்கு அரை மணி முன்னால் ஒன்று போட்டுக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பாடத்தைக் கேட்காமலே திரும்புகிறார்கள். இரவில் இரண்டு பெக் போடுவதும் இதே கணக்குதான். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் தடையில்லை. அவற்றை அதே அளவில் தொடரலாம், ஆனால் சிகிச்சை வாரத்தில் அளவை மாற்ற வேண்டாம்.

நான் 2009இல வன்னியில இருந்தனான். ஷெல்லடி, பங்கர், தங்கச்சியின்ர சாவு, பிறகு முகாம். ஒரு சம்பவம் எண்டு சொல்லேலாது. இங்க ஒரு இடத்தில ரெண்டு கிழமை இன்டென்சிவ் எண்டு சொல்லுகினம். ஒரு விபத்துக்குச் செய்யிற வைத்தியம் எனக்கும் சரிவருமோ? இங்கிலீசில மனசுவிட்டுக் கதைக்கவும் ஏலாது.
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

சரிவரலாம், ஆனால் முறையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நினைவைக் குறிவைக்கும் முறையைவிட, வாழ்க்கை முழுவதையும் வரிசையாகச் சொல்லிச் செல்லும் 'கதைசொல் எக்ஸ்போஷர்' முறை உங்களுக்குப் பொருந்தும்; அது போரைக் கடந்தவர்களுக்காகவே உருவானது. மாகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பெர்ட் ஆகியோர் வகுத்தது. முதல் செஷனில் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அது உங்கள் ஆயுள். நல்ல நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ, கெட்டதற்கு ஒரு கல். பிறப்பிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்த செஷன்களில் ஒவ்வொரு கல்லாக நின்று பேசுவீர்கள். தெரபிஸ்ட் அதை எழுதி அடுத்த முறை வாசித்துக் காட்டுவார், நீங்கள் திருத்துவீர்கள்.

இது இலங்கையின் வடகிழக்கிலேயே சோதிக்கப்பட்டது. போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் இரண்டு கிழமைக்குள் ஆறு செஷன் நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்து, கதைசொல் முறைக் குழுவில் 81 சதவீதமும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற குழுவில் 71 சதவீதமும் குணமாகியிருந்தார்கள். இரண்டாவது எண்ணையும் மறைக்காமல் சொல்கிறோம்: அமைதிப் பயிற்சி சும்மா இல்லை. நெதர்லாந்தில் பலமுறை அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு முதல் வாரம் நான்கு நாள், அடுத்த வாரம் நான்கு நாள் என்று, காலையில் எக்ஸ்போஷரும் பிற்பகலில் இ.எம்.டி.ஆரும் உடற்பயிற்சியுமாக நடத்துகிறார்கள். பாதியில் விட்டவர்கள் மிகக் குறைவு. கற்கள் பல என்பதற்காகவே உங்களை யாரும் தள்ளிவைக்கத் தேவையில்லை.

மொழியில்தான் கறாராக இருங்கள். தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் கிடைத்தால் ஒரு மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை. இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சொந்தக்காரரும் வேண்டாம், உங்கள் ஊர்க்காரரும் வேண்டாம். முதல் நாள் வந்தவரே கடைசி நாளும் வர வேண்டும், அவரும் 'நான்' என்றே மொழிபெயர்க்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் இருமுறை சொல்லப்படுவதால் 90 நிமிடம் போதாது, இரண்டரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். டொரோண்டோவில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கான கனேடிய மையம் 1977 முதல் இயங்குகிறது. அங்கே விசாரித்துவிட்டுத் தனியார் இடத்துக்குப் பணம் கட்டுங்கள். ஒன்டாரியோவில் சைக்யாட்ரிஸ்டைப் பார்ப்பது ஓஹிப்பில் (மாகாண அரசின் மருத்துவக் காப்பீட்டில்) அடங்கும்; தனியார் சைக்கோதெரபிஸ்டின் கட்டணம் அடங்காது.

போர் முடிந்த நினைவுநாள் வரும் மே மாதத்தில் தேதியை வைக்காதீர்கள். தங்கச்சியின் சாவு வேறு கணக்கு. ஷெல் சத்தத்தின் பயம் குறையும், அவவுக்கான துக்கம் இந்த இரண்டு கிழமையில் கரையாது, கரைய வேண்டியதுமில்லை. திதி எதுவென்று தெரியாமல் போனவர்களுக்கு ஒரு நாளைக் குறித்து விளக்கேற்றுவதைப் பலர் செய்கிறார்கள். அதைச் சிகிச்சைக்கு வெளியே, குடும்பத்தோடு செய்யுங்கள்.

என் மனைவி நேற்று இரண்டாம் நாள் செஷன் முடித்தாள். போவதற்கு முன் இருந்ததைவிட மோசம்: அழுகை, இரவெல்லாம் கனவு. என் அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போகச் சொல்கிறார். நிறுத்திவிடலாமா?
– வாசகர், சேலம்

பலருக்கு இரண்டாம், மூன்றாம் நாள்தான் மிகக் கடினம். மூடிவைத்த அறையைத் திறந்து சாமான்களை நடுக்கூடத்தில் போட்டிருக்கும் நேரம் அது. இந்த இடத்தில் நிறுத்தினால் எல்லாம் கூடத்திலேயே கிடக்கும். ஆனால் தொடர்வதா என்பது அவர் முடிவு. நாளைக் காலை தெரபிஸ்டிடம் மூவரும் சேர்ந்து பத்து நிமிடம் பேசுங்கள். வேகத்தைக் குறைக்கலாம், நாளுக்கு ஒரு செஷனாக்கலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் வேறு: சாக வேண்டும் என்று சொல்வது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நீண்ட நேரம் இருப்பது, புதிதாகக் குரல்கள் கேட்பது, தொடர்ந்து இரண்டு இரவு கொஞ்சமும் தூங்காதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே தெரபிஸ்டையோ அவசரப் பிரிவையோ அணுகுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மற்றபடி மாலையில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சமே. "இன்னைக்கு என்ன சொன்னே?" என்று கேட்காதீர்கள். வழக்கமான நேரத்தில் வழக்கமான சாப்பாடு. கண் ஒரே இடத்தில் குத்தி நின்று, பேச்சு நின்றுபோனால் தோளைப் பிடித்து உலுக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கால் தரையில் படும்படி உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீரில் கை நனைக்கச் சொல்லி, அறையில் தெரிகிற ஐந்து பொருட்களின் பெயரைக் கேளுங்கள். அம்மா திருநீறு பூசி மந்திரிப்பதில் தடையில்லை, செஷன் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

தம்பி ஓட்டிய பஸ் கவிழ்ந்து 12 நாள் ஆகிறது. தூங்குவதில்லை. இப்போதே சேர்த்துவிட்டால் நோயாக மாறாதல்லவா?
– வாசகி, தஞ்சாவூர்

அவசரப்பட வேண்டாம். முதல் மாதத்தில் கனவும் திடுக்கிடலும் பெரும்பாலோருக்கு இருக்கும், பலருக்குத் தானாகவே அடங்கும். நடந்ததை உட்காரவைத்து ஒரே மூச்சில் சொல்லச் செய்யும் 'டிப்ரீஃபிங்' முறையை உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே வேண்டாம் என்றது. கூட ஆள் இருக்கட்டும், அவராகப் பேசினால் கேளுங்கள், செய்திச் சேனலையும் விபத்து வீடியோவையும் நிறுத்துங்கள், குடி பக்கம் போகாமல் பாருங்கள். வேலைக்குத் திரும்பவே முடியாத அளவு முற்றினாலோ, முந்தைய பதிலில் சொன்ன காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இருந்தாலோ மாதம் முடியக் காத்திருக்காமல் சைக்யாட்ரிஸ்டிடம் காட்டுங்கள்.

அடிக்கிற கணவருடன்தான் இன்னும் இருக்கிறேன். சிறுவயதுக் கொடுமைக்குத் தீவிர சிகிச்சை எடுக்கலாமா?
– பெயர், ஊர் வேண்டாம்

இப்போது வேண்டாம். இந்தச் சிகிச்சை, 'ஆபத்து முடிந்துவிட்டது' என்று மூளைக்குக் கற்றுத்தருவது. உங்கள் வீட்டில் ஆபத்து முடியவில்லை. உங்கள் விழிப்பு இன்று உங்களைக் காக்கிறது. முதலில் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரும், ஒருங்கிணைந்த சேவை மையமும் தங்குமிடத்துக்கும் சட்ட உதவிக்கும் வழிசெய்வார்கள். அதுவரை வாரம் ஒருமுறை ஒருவரைச் சந்தித்துத் தூக்கம், பாதுகாப்புத் திட்டம் பற்றி மட்டும் பேசலாம். ஒலிப்பதிவோ எழுதிய தாளோ எதுவும் உங்கள் போனிலும் பையிலும் இருக்கக் கூடாது.

ஆன்லைனில் செய்யலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

செய்யலாம். பூட்டக்கூடிய அறை, பக்கத்து அறையில் விஷயம் தெரிந்த ஒரு பெரியவர், இணைப்பு அறுந்தால் அழைக்க ஒரு எண், நீங்கள் இருக்கும் இடத்தின் முகவரி தெரபிஸ்டிடம். இந்த நான்கும் இல்லாமல் வேண்டாம். 'எங்கோ போய்விடும்' பழக்கம் இருந்தால் நேரில்தான்.

ஐந்து நாள் முடித்தேன். முதலில் 52 இருந்த மார்க் இப்போது 47. பணம் வீணா?
– வாசகர், ஈரோடு

நீங்கள் சொல்வது பி.சி.எல்.-5 என்ற 20 கேள்விப் படிவம் என்று எடுத்துக்கொள்கிறோம். மொத்தம் 80 மார்க்; 31 முதல் 33 வரையோ அதற்கு மேலோ இருந்தால் பி.டி.எஸ்.டி. இருக்கலாம் என்று பார்ப்போம். 10 மார்க்காவது குறைந்தால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்வோம், ஆக ஐந்து மார்க் கணக்கில் வராது. ஆனால் கடைசி நாளில் களைத்த மனதோடு நிரப்பிய படிவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். ஒரு மாதம் கழித்து மறுபடி நிரப்புங்கள், 'கடந்த ஒரு மாதத்தில்' என்று கேட்கும் படிவம் அது.

அப்போதும் குறையவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். அடிக்கடி நாங்கள் பார்ப்பது தவறான நினைவைக் குறிவைத்தது: சொல்லக் கூச்சமில்லாத இரண்டாவது நிகழ்வைச் சொல்லி, முதலாவதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். அடுத்தது, கதையில் மிக மோசமான அந்த அரை நிமிடத்தை ஒவ்வொரு முறையும் வேகமாகத் தாண்டிப் போனது. உங்கள் ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள், குரல் எந்த இடத்தில் வேகமெடுக்கிறதோ அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, வீட்டில் ஒலிப்பதிவைக் கேட்காமலே விட்டது. எது என்று கண்டுபிடித்து, தொடர் செஷனில் அந்த நிமிடத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.